ஹாய்ஸ்ட் என்கோடரைக் கழற்றாதே

அன்புள்ள மச்சான்,

நலம்தானே? எண்ணூர் உப்புக் காற்றில் மோட்டார் வேகத்தை அளக்கும் என்கோடரின் கனெக்டர் பின்களெல்லாம் பச்சை பூத்துப்போகின்றன, என்கோடரையே தூக்கிப் போட்டுவிட்டு, மோட்டாரை இயக்கும் ட்ரைவை சென்சர்லெஸ் வெக்டரில் (வேகத்தை அளக்காமல் கணித்தே ஓட்டும் முறை) ஓட்டலாமா என்று கேட்டிருந்தாய். கன்வேயருக்குத் தாராளமாகச் செய். பாரம் தூக்கி இறக்கும் ஹாய்ஸ்டுக்கு வேண்டாம்.

உன்னுடையது ஏழரை ஹெச்.பி., 415 வோல்ட், 1440 ஆர்.பி.எம். மோட்டார். 50 ஹெர்ட்ஸில் ஃபேஸுக்கு 240 வோல்ட் என்றால் 1 ஹெர்ட்ஸில் எதிர்மின்னழுத்தம் (சுழலும் காந்தப்புலம் காயிலில் உண்டாக்கும் வோல்ட்டேஜ்) 5 வோல்ட்கூட வராது. ட்ரைவ் ஸ்பீடைக் கணிப்பது அதை வைத்துத்தான். காயில் ரெசிஸ்டன்ஸ் 1 ஓம் என்று வைத்துக்கொள்; 11 ஆம்பியரில் அதுவே 11 வோல்ட்டைத் தின்றுவிடும். 30 டிகிரியில் ஆட்டோ டியூனிங் (ட்ரைவே மோட்டாரை அளந்து பதிந்துகொள்வது) செய்த மோட்டார் மதியம் 110 டிகிரிக்குப் போனால் ரெசிஸ்டன்ஸ் 30 சதவீதம் ஏறிவிடும். மூன்று வோல்ட்டுக்கு மேல் கணக்கு தப்பு. டெட் டைம் (ட்ரைவுக்குள் ஒரு சுவிட்ச் அணைந்து மறு சுவிட்ச் போடும் வரை விடும் இடைவெளி) வேறு இருக்கிறது: 3 மைக்ரோசெகண்ட், 4 கிலோஹெர்ட்ஸ் கேரியர் (சுவிட்ச் செய்யும் வேகம்), 580 வோல்ட் டி.சி. பஸ் (ட்ரைவுக்குள் இருக்கும் டி.சி. வோல்ட்டேஜ்). பெருக்கினால் 7 வோல்ட்! ட்ரைவ் இதை ஈடுகட்டும். ஆனால் கரெண்ட் பூஜ்யத்தைத் தாண்டும் இடத்தில் தடுமாறும். சத்தம் குறையட்டும் என்று கேரியரை 8க்கு ஏற்றாதே, பிழை இரட்டிப்பாகும்.

கன்வேயர் மோட்டாரை லோடிலிருந்து கழற்றி, சுற்றவிட்டு டியூன் செய். கேபிள் மாற்றினால் மறுபடி செய். கொதிக்கும் மோட்டாரில் அளந்த ரெசிஸ்டன்ஸை அப்படியே பதியாதே. குளிர்ந்த மோட்டாருக்கு அது அதிகம், ஆட்டம் கொடுக்கும். நடுவாந்தர மதிப்பே நல்லது. மெதுவாக நெடுநேரம் ஓடுமென்றால் தனி ஃபேன் வை.

ஹாய்ஸ்டில் சிக்கல் வேறு. 1440 என்றால் முழு லோடில் ஸ்லிப் (காந்தப்புலம் சுற்றும் 1500க்கும் மோட்டார் சுற்றும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்) 60 ஆர்.பி.எம்., அதாவது 2 ஹெர்ட்ஸ். முழு லோடை அதே 60 ஆர்.பி.எம்.மில் இறக்கும்போது சுழற்சி ஒரு பக்கம், டார்க் (முறுக்கு விசை) எதிர்ப்பக்கம். இரண்டும் கழிந்துபோய், ஸ்டேட்டருக்கு (சுழலாத காயில்) ட்ரைவ் தரும் ஃப்ரீக்வென்சி பூஜ்யம். கியர் உராய்வால் இன்னும் சற்றுக் குறைந்த வேகத்தில் இது நேரும். அங்கே ஃபிளக்ஸ் (காந்தப்புலம்) அசையாமல் நிற்பதால் எதிர்மின்னழுத்தமே இருக்காது. எவ்வளவு விலை கொடுத்து ட்ரைவ் வாங்கினாலும் அந்தப் புள்ளியில் அதற்குக் கண் தெரியாது. சட்டென்று தாண்டினால் பிழைக்கலாம். ஆனால் நீ இன்ச் இன்ச்சாக இறக்குவாய், நிற்கப்போவதே அங்கேதான். லோடு நழுவும்.

ஆகவே தூசியும் தண்ணீரும் புகாதபடி சீல் செய்த ஐபி67 என்கோடர் போட்டு, கனெக்டரில் டையெலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் அடைத்து, கேபிளை மோட்டார் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டாமல் தனியே இழு. என்கோடர் ஃபால்ட் வந்தால் பிரேக் உடனே விழும்படி ரிலேயை வை. மேலே தூக்கும்போதும் ஃபிளக்ஸ் ஏறி டார்க் வந்த பிறகே பிரேக் திறக்க வேண்டும்.

நேம்பிளேட் படம் அனுப்பு. அடுத்த வாரம் தண்டையார்பேட்டை பக்கம் வருவேன், அப்படியே பிரேக் லைனிங்கையும் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் மச்சான்