சொல்ல ஒன்றுமில்லை என்றாயே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "வேற என்னம்மா விசேஷம்?" என்று கேட்டேன். "சொல்ல ஒண்ணுமில்லப்பா, எல்லா நாளும் ஒரே மாதிரிதான் போகுது" என்றாய். குரலில் அலுப்பு தெரிந்தது. போனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. அப்போதே ஏதாவது சொல்லியிருந்தால் அறிவுரையாகப் போயிருக்கும். அதனால்தான் கடிதம்.

முதலில் நம் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே குடியிருக்கும் சிலந்தியைப் பற்றிச் சொல்கிறேன். போன வாரம் ஒருநாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அதைக் கலைக்கத்தான் போனேன். இருட்டத் தொடங்கியிருந்தது. அது அப்போதுதான் புது வலைக்கு இழை இழுக்க ஆரம்பித்திருந்தது. சரி, என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று நின்றேன். முதலில் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நடுவிலிருந்து நாலாபக்கமும் இழுத்துக் கட்டியது. அப்புறம் நடுவிலிருந்து ஓரம்வரை அகலமாக ஒரு சுருள். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அது வெறும் சாரம்தான், கட்டடத்துக்குக் கட்டுவோமே, அது மாதிரி. ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் திரும்பி வந்தபடி, இப்போது பசையுள்ள இழையை நெருக்கி நெருக்கிச் சுற்றியது. ஒவ்வொரு ஆரத்தையும் தாண்டும்போது பின்னங்காலால் இழையைத் தொட்டு ஒட்டவைத்தது. வருகிற வழியிலேயே அந்தச் சாரத்தை அறுத்துத் தின்றுகொண்டும் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. விளக்குமாற்றைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.

இப்படி வட்டவலை பின்னும் சிலந்திகளில் பல, பழைய வலையைத் தின்று, அதிலுள்ள புரதத்தைக் கொண்டே மறுநாள் வலையைப் பின்னுமாம். படித்துத் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடம் இதே வீட்டில் இருக்கிறேன், ஒரு மாலையும் இதைப் பார்த்ததில்லை. அந்த மாலைகளில் யாராவது என்ன விசேஷம் என்று கேட்டிருந்தால் நானும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

இதைவிட எனக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும். இதை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை.

எனக்குக் கிடைத்த கட்டில் சுவரோரம். கண்ணைத் திறந்தால் சுவர், மூடினால் வலி. ஜன்னலோரக் கட்டிலில் என்னைவிட வயதான ஒருவர், காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். இரண்டாம் நாள் காலையில் நர்ஸைக் கூப்பிட்டு, "வெளிச்சம் கண்ணைக் குத்துது, எனக்கு அந்தச் சுவரோரம் இடம் போடுங்கம்மா" என்றார். இடம் மாறினோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். காற்று வந்தால் இலைகள் மொத்தமாகப் புரண்டு, அடிப்பக்கத்து வெளுப்பைக் காட்டிவிட்டு மறுபடி பச்சைக்குத் திரும்பும். அதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். வலி போய்விடவில்லை, ஆனால் மனம் வலியிலேயே கிடக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மதியம் எல்லோரும் தூங்கும் நேரம். தற்செயலாகத் திரும்பினேன். அவர் முழங்கையை ஊன்றி, கழுத்தை எக்கி, என் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். வெளிச்சம் ஒன்றும் அவர் கண்ணைக் குத்தவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று படுத்துக்கொண்டார். மறுநாள் எனக்கு ஸ்கேன். முடிந்து திரும்பி வந்தால் அவர் கட்டில் காலி. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்பது இன்றுவரை உறுத்துகிறது.

ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பிற்பாடு படித்தேன். அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேருடைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அந்தப் பெரியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருவன் கிடக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது, அவ்வளவுதான்.

அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் எனக்கு அவரைத்தான் நினைவுபடுத்தியது. சின்ன உதவி செய்கிறவர்கள், அது பெற்றவருக்கு எவ்வளவு பெரிதாகப் படும் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்களாம். அவரும் அப்படித்தான், கட்டிலை மாற்றிக்கொண்டதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். என்ன இருந்தது என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். கண்ணில் பட்டதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் அம்மா. நமக்காக லிஃப்ட் கதவைப் பிடித்து நிற்பவரிடம், நாம் ஓடி வருவதைப் பார்த்து வண்டியை நிறுத்தி வைக்கும் டிரைவரிடம். சில பேரை மறுபடி பார்க்கவே முடியாது.

மனம் சரியில்லாதவரிடம் போய் "இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. உனக்கும் அதைச் சொல்லவில்லை. அலுப்பாக இருந்தால் அலுப்பு என்றே சொல், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அடுத்த ஞாயிறு பேசும்போது அதோடு இன்னொன்றும் சொல். அந்த வாரம் உன் கண்ணில் பட்டது, எவ்வளவு சின்னதானாலும் சரி. மேகம், எறும்பு, யாரோ நகர்ந்து கொடுத்த இடம், எதுவானாலும்.

உன்னைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் ஒன்றைப் பாக்கி வைத்திருக்கக் கூடாது. உனக்கு ஆறு வயது இருக்கும். பஸ்ஸில் நீண்ட பயணம். நீ ஜன்னலோரம், நான் பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். பஸ் ஒரு வளைவில் திரும்பியதும் வெயில் நேராக என் முகத்தில் விழுந்தது. நீ உன் குட்டிக் கையை விரித்து என் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டாய். அப்பா தூங்குகிறார் என்று நினைத்தாய். நான் தூங்கவில்லை. கண்ணைத் திறந்தால் கையை எடுத்துவிடுவாயோ என்று மூடியே வைத்திருந்தேன். கை வலித்திருக்க வேண்டும், இன்னொரு கைக்கு மாற்றினாய். அந்த ஒரு நொடி மட்டும் வெயில் பட்டது. அப்புறம் மறுபடியும் நிழல்.

அன்புடன்,
அப்பா