தஞ்சாவூர் பெயிண்டிங் ரெண்டு நாள்ல முடியற வேலை இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல, வீட்டுச் சுவத்துக்கு நீங்களே தஞ்சாவூர் பெயிண்டிங் பண்ணலாம், ரெண்டே நாள் போதும்னு ஒரு பக்கம் வந்துச்சுங்களே, அதப் பத்திதான் இந்த லெட்டர். போன வருஷமும் இதே மாதிரி ஒண்ணு போட்டிருந்தீங்க, அதப் பாத்துட்டுதான் நானும் என் நாத்தனாரும் ஒரு கிட் வாங்கி பூஜை ரூமுக்கு ஆலிலை கிருஷ்ணர் பண்ணோம். அதுல எழுதியிருந்த ஸ்டெப் ஒண்ணு விடாம பண்ணோம். முடிச்ச அன்னிக்கு பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, தெருவுல உள்ளவங்க எல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க.

ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் எல்லாம் போச்சு. ஆலிலை ஓரத்துல மக்கு (படம் எம்பித் தெரியறதுக்காக பூசற பசை) முடி மாதிரி கோடு கோடா வெடிச்சு அப்புறம் துண்டு துண்டா உதிர ஆரம்பிச்சுடுச்சு, கிரீடத்துல ஒட்டின ஃபாயில் மொதல்ல செம்பு கலராச்சு, பின்னாடி ஓரமெல்லாம் பச்சை பூத்துடுச்சு, பலகை நடுவுல வளைஞ்சு சுவத்துலயே ஒட்டி நிக்க மாட்டேங்குது. நாங்க இருக்கறது கடலூர்ல, கடல் பக்கம், உப்புக் காத்து. இந்த ஊருக்கு எந்த மாதிரி ஃபாயில் வேணும், எவ்ளோ நாள் காய வைக்கணும்னு உங்க பக்கத்துலயும் ஒரு வரி இல்ல, கிட்டுக்குள்ள இருந்த பேப்பர்லயும் இல்ல.

அதுக்கப்புறம் என் நாத்தனார் தஞ்சாவூர் போனப்ப, அங்க வழி வழியா இந்த வேலை பாக்குற ஒரு பெரியவர்கிட்ட படத்தை எடுத்துட்டுப் போய் காமிச்சா. அவர் கோவிக்கவும் இல்ல, சிரிக்கவும் இல்ல, "உக்காரும்மா"ன்னு சொல்லி ஒவ்வொண்ணா விளக்கினார். அவர் சொன்னதும் நாங்க அப்புறமா விசாரிச்சதும் சேத்துதான் இங்க எழுதுறேன், உங்க வாசகர்கள்ல இத ஆரம்பிக்கப் போறவங்க கண்டிப்பா நிறைய பேர் இருப்பாங்க.

மொதல்ல மக்கு. சாக் பவுடரும் கருவேலம் பிசினும் (கடைல அரபிக் கம்னு கேட்டாதான் குடுப்பாங்க) சேத்து தோசை மாவு பதத்துக்கு கலக்கறது. பிசினை முந்தின நாள் ராத்திரியே ஊற வச்சு துணில வடிகட்டணும், கட்டி இருந்தா அந்த இடத்துலதான் வெடிப்பு ஆரம்பிக்கும். பிசின் ஜாஸ்தியானா காயும்போது இழுத்து வெடிக்கும், கம்மியானா மாவா உதிரும். தடிமனா வேணும்னு ஒரே தடவைல கோன்ல பிழிஞ்சு ஏத்தக் கூடாது, மேல்தோல் காஞ்சு உள்ள ஈரம் நின்னுடும், அந்த ஈரம் பின்னாடி வெளிய வரும்போது மேல இருக்கற தோலைக் கிழிச்சுட்டுதான் வரும். மெல்லிசா ஒரு பூச்சு, நிழல்ல காய வைக்கறது, நல்லா காஞ்சப்புறம் அடுத்த பூச்சு, இப்படித்தான் ஒசத்தணும். சீக்கிரம் காயட்டும்னு வெயில்லயோ ஃபேனுக்கு நேராவோ வைக்கறதே தப்பாம். உங்க பக்கத்துல "ஹேர் ட்ரையர் வச்சு காய வைக்கலாம்"னு போட்டிருந்துச்சு. அந்த ஒரு வரிய படிச்சுட்டு எத்தனை வீட்ல மக்கு வெடிச்சிருக்கும்னு நெனச்சாலே மனசு கஷ்டமா இருக்கு.

அடுத்தது ஃபாயில், எனக்கு ரொம்ப ஆதங்கம் இதுலதான். நெஜமான தஞ்சாவூர் படத்துல ஒட்டறது தங்க ரேக்கு, அதாவது ரொம்ப மெல்லிசான தங்கத் தகடு, பெரும்பாலும் 22 காரட். தங்கம் கறுக்காது, அதனாலதான் எழும்பூர் மியூசியத்துல இருக்கற அவ்ளோ பழைய படங்கள்ல கூட அந்த மினுமினுப்பு இன்னும் இருக்கு. கிட்ல வர்றது செம்பும் துத்தநாகமும் கலந்தது, அதாவது பித்தளை மாதிரி. ஒட்டுன ஒடனே ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, ஆனா ஈரமும் உப்பும் பட்டா அது கறுக்கும், பச்சை புடிக்கும், அது உலோகத்தோட குணம், யாரு பண்ணாலும் அப்படித்தான். அது மேல ஒரு கோட்டு லேக்கர் (வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு) அடிச்சு காத்து படாம பண்ணா கொஞ்ச காலம் தாக்குப் புடிக்கும். தங்க ரேக்கு வாங்க எல்லாராலயும் முடியாது, நான் அத குத்தமே சொல்லல, பித்தளை ஃபாயில் வச்சு கத்துக்கறது ரொம்ப நல்ல விஷயம்தான். ஆனா டப்பா மேல இது தங்கம் இல்ல, இத இப்படித்தான் பாதுகாக்கணும்னு ரெண்டு வரி போடறதுல விக்கறவங்களுக்கு என்ன கொறைஞ்சுடும்?

பலகை விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். அந்தக் காலத்துல பலா மரப் பலகைல பண்ணாங்க, இப்போ எல்லாரும் பிளைவுட்தான். கிட்ல வர்ற மெல்லிசு பலகைல ஒரு பக்கம் மட்டும் துணி ஒட்டி சுண்ணாம்பு பூசினா இன்னொரு பக்கம் ஈரத்தை இழுத்து வளையத்தான் செய்யும். கடைல ப்ளை வாங்கறப்ப அது மேல அடிச்சிருக்கற முத்திரையப் பாருங்க, ஐ.எஸ். 303 சாதாரண உபயோகத்துக்கு, ஐ.எஸ். 710 ஈரத்தைத் தாங்கற மெரைன் ப்ளை, கடலோரத்துல இருக்கறவங்க ரெண்டாவதை வாங்கறதுதான் நல்லது. எதுவா இருந்தாலும் பின்பக்கமும் நாலு ஓரமும் பெயிண்ட் அடிச்சு மூடிடணும். பிரேம் போடறப்ப கண்ணாடி மக்கு மேல முட்டாம எடவெளி விடச் சொல்லுங்க, மாட்டறப்பவும் படத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல காத்து போக இடம் இருக்கணும், பாத்ரூம் சுவத்துக்கு அந்தப் பக்கம் மாட்டவே மாட்டாதீங்க.

இவ்ளோ நுணுக்கம் உள்ள கலைங்க இது. மராட்டிய ராஜாக்கள் காலத்துல, முக்கியமா 1798ல இருந்து 1832 வரைக்கும் ஆண்ட ரெண்டாம் சரபோஜி காலத்துல செழிச்சு வளந்தது, தஞ்சாவூர் திருச்சி பக்கம் ராஜு சமூகத்துக்காரங்களும் மதுரைல நாயுடு சமூகத்துக்காரங்களும் தலைமுறை தலைமுறையா காப்பாத்திட்டு வந்தது, 2007-08ல புவிசார் குறியீடும் வாங்கினது. அதப் போய் வார லீவுல முடிக்கற வேலைன்னு போட்டா, அதையே பொழப்பா வச்சிருக்கறவங்க ஒரு படத்துக்கு வெலை சொல்றப்ப, வாங்க வர்றவங்க "என்னங்க இவ்ளோ சொல்றீங்க, நாங்களே வீட்ல ரெண்டு நாள்ல பண்ணிடுவோமே"ன்னு பேரம் பேச ஆரம்பிச்சுடறாங்க. அந்தப் பெரியவர் இதையும் சொன்னார்னு நாத்தனார் வந்து சொன்னப்ப எங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப சங்கடமாயிடுச்சு.

இன்னொரு பக்கம் இதைக் கத்துக்க ஆசைப்பட்டு ஆரம்பிக்கற பொம்பளைங்க, ரிட்டயர் ஆனவங்க, காலேஜ் பசங்க, இவங்கள்லாம் மொதல் படம் உதிர்ந்ததும் நமக்குக் கை வராது போலன்னு விட்டுடறாங்க. எங்க தெருவுலயே ஒரு டீச்சரம்மா அப்படித்தான் விட்டுட்டாங்க, அவங்க கோடு போடறதப் பாத்தா அவ்ளோ சுத்தமா இருக்கும், முகம் எழுதுறது அவ்ளோ கச்சிதம், வெடிச்சது மக்கு பதத்தாலன்னு சொல்ல அப்போ ஆளில்ல.

அதனால உங்ககிட்ட கேக்கறது இதுதான். இந்த மாதிரி கைவேலை பக்கம் போடறப்ப அந்த வேலையத் தெரிஞ்ச ஒரு கலைஞர்கிட்ட ஒரு தடவை காமிச்சுட்டுப் போடுங்க, அவர் பேரையும் போடுங்க, அதுக்கு அவருக்கு ஒரு தொகையும் குடுங்க. எத்தனை நாள் காயணும், எந்தப் பொருள் எந்த ஊர்ல நிக்கும்னு சேத்து எழுதுங்க. பூம்புகார் மாதிரி அரசு நிறுவனமும் மக்கு கலக்கற பக்குவத்தையும் ஃபாயில் வித்தியாசத்தையும் தமிழ்ல ஒரே ஒரு தாள்ல அச்சடிச்சு ஷோரூம்ல குடுத்தா நிறைய பேருக்கு உதவியா இருக்கும், இத உங்க பேப்பர் மூலமா அவங்களுக்கும் கோரிக்கையா வைக்கறேன். ஹேர் ட்ரையர்னு போட்ட அந்த வரிக்கு மட்டும் தயவு செஞ்சு ஒரு திருத்தம் சீக்கிரம் போட்டுடுங்க. தை பொறந்து வெயில் வந்ததும் நிறைய பேர் பலகை வாங்க ஆரம்பிச்சுடுவாங்க, அதுக்கு முன்னாடி வந்துட்டா நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர்.