வாசகர் வட்டத்தின் 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, நிருவாக சபையினரே, வட்டத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டு சனவரியில் பொதுக்கூட்டம் நடந்தது. தைப்பொங்கல் ஒன்றுகூடலும் புத்தகக் கண்காட்சியும் வழமைபோல் நடந்தன. சிறுவர் கதை சொல்லும் நிகழ்ச்சி ஒரு தடவை நடந்தது. நிருவாக சபை நான்கு முறை கூடியது. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு காரணமாக மாதாந்தச் சந்திப்பு இல்லை. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல். எமது உறுப்பினர்களில் ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் அதிகம் என்பதால் தேர்தல் கடமை வந்தால் கூட்டம் கூட்ட முடியாது. நவம்பர் கடைசியில் ஒரு நாளாவது வைக்கலாம் என்று பார்த்தால் வெள்ளம் வந்துவிட்டது. ஆக, பொதுக்கூட்டம் போக அந்த ஆண்டு எட்டு சந்திப்புகள்.

இந்த எட்டைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது நான் முன்மொழிந்த திட்டம், இதைப் பற்றிச் சபையிலும் சபைக்கு வெளியிலும் பல கதைகள் பேசப்பட்டன.

மாதம் ஒரு புத்தகம் என்று ஆறு வருடங்கள் ஓடினோம். மாதக் கடைசியில் புத்தகத்தை முழுதாக வாசித்து வந்தவர் மூவரோ நால்வரோதான். அதனால் ஒரு வருடம் முழுவதும் ஒரே ஒரு மனிதரோடு பழகுவோம், அவரை நன்றாக அறிந்துகொள்வோம் என்று சொன்னேன். அந்த மனிதர் லண்டன் பேக்கர் வீதி 221பி இலக்கத்தில் குடியிருந்த துப்பறிவாளர் ஷேர்லொக் ஹோம்ஸ். ஆர்தர் கொனன் டொயில் 1887 முதல் 1927 வரை நாற்பது ஆண்டுகள் எழுதிய நான்கு நாவல்களிலும் ஐம்பத்தாறு சிறுகதைகளிலும் வருகிறவர். கூட்டத்தில் பாதிப்பேர் சின்ன வயதில் தமிழ்வாணனின் சங்கர்லாலோடு வளர்ந்தவர்கள். தேநீர் குடித்தபடி யோசிக்கும் சங்கர்லாலைத் தெரிந்தவர்களுக்குப் புகைக்குழாயோடு யோசிக்கும் ஹோம்ஸ் அந்நியர் அல்லர் என்று நினைத்தேன்.

எதிர்ப்பு வந்தது. கூத்தும் வசந்தன் பாடலும் உள்ள மண்ணில் ஒரு வெள்ளைக்காரத் துப்பறிவாளருக்கு ஏன் ஒரு வருடம் என்று இரு உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் பதிலை அன்றே சொன்னேன்: ஹோம்ஸை நாம் தேடிப் போகவில்லை, அவர்தான் எமது கிழக்கு மாகாணத்துக்கு வந்திருக்கிறார்.

பொஹீமிய அரசனின் கதையின் தொடக்கத்தில், ஹோம்ஸின் நண்பரும் கதையைச் சொல்பவருமான வைத்தியர் வொட்சன் ஒரு வசனம் எழுதுகிறார். திருமணம் முடிந்து தனிக் குடித்தனம் போனபிறகு நண்பர் ஹோம்ஸைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்ட செய்திகள் அதில் வருகின்றன. ஒடெசாவில் ஒரு கொலை வழக்கு, ஒல்லாந்து அரச குடும்பத்துக்குச் செய்து கொடுத்த ஒரு வேலை. இரண்டுக்கும் நடுவில், திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தைத் துலக்கியது. அவ்வளவுதான். அறுபது கதைகளில் எங்கும் அந்த வழக்கு என்னவென்று சொல்லப்படவில்லை. கதை நடக்கும் காலம் 1888 மார்ச். திருமலை என்று நாம் சொல்லும் திருகோணமலை அப்போது பிரித்தானியக் கடற்படையின் துறைமுகம்.

பெப்ரவரி சந்திப்பில் இந்த வசனத்தை எமது ஆங்கில ஆசிரியை வாசித்தபோது மண்டபம் ஒரு கணம் அமைதியானது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஹோம்ஸ் திருகோணமலைக்கு வந்தாரா, வராமலே துலக்கினாரா என்பதுதான் பேச்சு. இந்த விவாதம் வருடக் கடைசிவரை முடியவில்லை.

அதே கதையில் இன்னொரு இடம். வொட்சன் ஹோம்ஸின் வீட்டுப் படிகளில் நூற்றுக்கணக்கான தடவை ஏறியவர். எத்தனை படி என்று ஹோம்ஸ் கேட்கிறார். தெரியாது என்கிறார் வொட்சன். பதினேழு என்கிறார் ஹோம்ஸ். நீர் பார்க்கிறீர், ஆனால் கவனிக்கிறதில்லை என்கிறார். வாசிப்பை நிறுத்திவிட்டு நான் சபையைக் கேட்டேன், நாம் ஏறி வந்த படிகள் எத்தனை? பன்னிரண்டு என்றார் ஒருவர். பதினைந்து என்றார் இன்னொருவர். இருபதுக்குக் குறையாது என்றும் ஒரு பதில் வந்தது. கடைசி வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா மெதுவாகச் சொன்னார்: "பதினாறு தம்பி. பத்தாவது படியில முழங்கால் நோகும். அதில ஒருக்கா நிண்டுதான் மற்ற ஆறும் ஏறுவன்." இறங்கும்போது எல்லோரும் எண்ணினோம். பதினாறுதான். வட்டம் அந்தக் கட்டடத்துக்கு வந்து ஆறு வருடம். ஐயா அங்கே நிற்கிறார் என்பதை அதுவரை நானும் கவனிக்கவில்லை. அடுத்த மாதம் முதல் பத்தாவது படி திரும்பும் இடத்தில் ஒரு கதிரை போட்டிருக்கிறோம்.

மார்ச்சில் பாம்புக் கதை. இன்னும் வாசிக்காதவர்கள் மன்னிக்க வேண்டும். ஒரு மாற்றாந்தந்தை காற்றுத்துவாரத்தால் அடுத்த அறைக்கு விஷப்பாம்பை அனுப்புகிறார். பாம்பு மணிக்கயிற்றால் இறங்கி வருகிறது, விசிலடித்தால் திரும்பிப் போகிறது, கூலியாகக் கிண்ணத்தில் பால். மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து வரும் எமது விவசாய உறுப்பினர் கையை உயர்த்திவிட்டார். "கயித்தால இறங்குமாம், மறுகா விசில் கேட்டு ஏறுமாம். பாம்புக்கு எங்க தம்பி காது? பாலையும் அது தேடிக் குடிக்காது. வயலுக்குள்ள கண்ணாடி விரியனோட சீவிக்கிற எங்களுக்கு இதைச் சொல்லப்படாது." அவர் சொன்னது சரி. பாம்புக்கு வெளிக்காது இல்லை, அந்தக் கதையில் வருவது போன்ற பாம்பும் உலகில் இல்லை. ஆனால் அவரே பிறகு சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. "ஆனா அந்தக் கட்டிலைக் கண்டுபிடிச்சான் பாருங்க, அது ஆள்." கட்டில் நிலத்தோடு முடுக்கப்பட்டிருக்கிறது, மணிக்கயிறு எந்த மணியோடும் பொருத்தப்படவில்லை, காற்றுத்துவாரம் வெளியே திறக்காமல் பக்கத்து அறைக்குத் திறக்கிறது. இந்த மூன்றையும் ஹோம்ஸ் அடுத்தடுத்துத் தொட்டுப் பார்க்கிறார். பாம்பு பிழை, பார்வை சரி என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

மே, ஜூன் இரு மாதமும் ஒரு நாவலுக்குப் போனது. அதில் அந்தமான் தீவுக்காரர் ஒருவர் வருகிறார். அவரை மனிதராகவே காட்டாமல் எழுதியிருப்பதை எமது ஆங்கில ஆசிரியை வன்மையாகக் கண்டித்தார். ஹோம்ஸ் தட்டிலிருந்து எடுத்து வாசித்த உலக விபர நூலும் அந்த மக்களை அப்படித்தான் வர்ணிக்கிறது. எவ்வளவு கூர்மையான கண்ணும் தன் காலத்தின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை என்றார் அவர். அந்தக் கருத்துக்கு நான் உடன்படுகிறேன். ஒருவரை நன்றாக அறிந்துகொள்வது என்றால் இதையும் சேர்த்துத்தான்.

ஒக்டோபர் சந்திப்பை எப்படி எழுதுவது என்று பல நாள் யோசித்தேன். 1893இல் வெளியான கதை, சுவிற்சர்லாந்தின் நீர்வீழ்ச்சியில் ஹோம்ஸ் விழுந்து இறந்ததாக முடிகிறது. பத்து வருடம் கழித்து, 1903இல், அவர் திரும்பி வரும் கதை வெளியாகிறது. கிழட்டுப் புத்தக வியாபாரி வேடத்தில் வந்து வேடத்தைக் கலைத்ததும் வொட்சன் மயங்கி விழுகிறார். வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக மயங்கினேன் என்று எழுதுகிறார். அந்த இடத்தில் எமது உறுப்பினர் ஒருவர் எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டார். அவருடைய தம்பி வீட்டிலிருந்து போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. நாங்கள் வாசிப்பை நிறுத்திவிட்டோம். பத்து நிமிடமளவில் அவரே உள்ளே வந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாசியுங்க, எங்கயெல்லாம் போய்ட்டு வந்தவராம்?" என்று கேட்டார். திபெத், பாரசீகம், மக்கா, கார்ட்டூம் என்று ஆசிரியை வாசித்தார். அவர் கடைசிவரை இருந்து கேட்டார். துப்பறியும் கதை பொழுதுபோக்கு, இலக்கியம் ஆகாது என்று சொன்ன அன்பர்கள் அன்று வந்திருக்க வேண்டும்.

டிசெம்பரில் வாத்தின் வயிற்றில் இரத்தினக்கல் அகப்படும் கதை. பழைய தொப்பி ஒன்றை வைத்து அதன் சொந்தக்காரரின் வாழ்க்கையை ஹோம்ஸ் சொல்கிறார். தொப்பி பல கிழமை தூசு தட்டப்படவில்லை, ஆகவே மனைவியின் அன்பு குறைந்துவிட்டதாம். "ஏன், அவருக்குக் கை இல்லையா?" என்று பெண் உறுப்பினர்கள் கேட்டது குறிப்பில் உண்டு. ஆனால் முடிவில் அழுது மன்றாடும் திருடனைப் பொலிசில் கொடுக்காமல் கதவைத் திறந்து போகவிடுகிறார். இவன் இனிப் பிழை செய்யமாட்டான், சிறைக்கு அனுப்பினால் ஆயுளுக்கும் சிறைப்பறவை ஆகிவிடுவான் என்கிறார். பெப்ரவரியில் கர்வம் பிடித்த மனிதராகத் தெரிந்தவர் டிசெம்பரில் இப்படித் தெரிந்தார். மாதம் ஒரு புத்தகம் என்று ஓடியிருந்தால் இது கிடைத்திராது.

இனி ஓகஸ்ட் பயணம். அட்கின்சன் சகோதரர்களுக்காக ஒரு நாள் திருகோணமலைக்குப் போவது என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. பெயர் கொடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர். அதை நம்பிப் பெரிய வாகனம் பேசினேன். விடிய ஐந்தரைக்குக் கல்லடிப் பாலத்தடியில் நின்றவர்கள் ஒன்பது பேர். ஆறரை மணிவரை காத்திருந்தோம். சிலர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒருவர் "இண்டைக்கா?" என்று கேட்டார். போன ஒன்பது பேரும் பழைய ஆங்கிலேயர் சேமக்காலையில் ஒவ்வொரு கல்லாக வாசித்தோம். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் அடங்கியிருக்கும் இடம் அது. 1852இல் பர்மாவில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கியிருக்கிறார்கள். பல கற்களில் எழுத்து அழிந்திருந்தது, விரலால் தடவித்தான் வாசித்தோம். கற்பனைச் சகோதரர்களைத் தேடிப் போய் உண்மை மனிதர்களின் பெயர்களை வாசித்துவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில் தபாலதிபர் ஐயா தன் முடிவைச் சொன்னார். 1888இல் திருமலைக்கு ரயில் கிடையாது, இலண்டனிலிருந்து கப்பலில் வந்து போக இரண்டு மாதம் பிடிக்கும். தந்திக் கம்பியோ அதற்கு வெகு முன்பே இலங்கையை இலண்டனோடு இணைத்திருந்தது. தந்தி போதுமான இடத்தில் ஹோம்ஸ் கடிதம் எழுதுகிறவர் அல்லர் என்று வொட்சனே ஒரு கதையில் சொல்கிறார். ஆகவே இந்த வழக்கு தந்தியிலேயே முடிந்தது, அந்தத் தந்தியை வாங்கிக் கொடுத்தவன் எங்கள் ஆள் ஒருவன் என்றார் ஐயா. அவர் குரலில் இருந்த பெருமையை நான் மறக்கமாட்டேன். ஹோம்ஸ் வந்தார் என்ற கட்சியில்தான் நான் இன்னும் இருக்கிறேன், ஆனாலும் ஐயாவின் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

வாகன வாடகையில் விழுந்த துண்டு என் பொறுப்பே. முற்பணம் வாங்காமல் பேசியது என் பிழை. ஜூலையில் வாசித்த கதையில் ஹோம்ஸ் முழுக்கத் தவறிவிட்டு, தனக்குக் கர்வம் ஏறினால் அந்த ஊரின் பெயரைக் காதில் சொல்லும்படி வொட்சனிடம் கேட்கிறார். எனக்கு யாரும் காதில் சொல்லத் தேவையில்லை. கல்லடிப் பாலத்தடி ஞாபகம் இருக்கிறது. துண்டில் ஒரு பகுதியை நானும் தலைவரும் கொடுத்துவிட்டோம்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், கையிருப்பு சிறிதளவு உண்டு. மின்சாரம், தேநீர், நிழற்பிரதி ஆகியவையே பிரதான செலவுகள். பதிவேட்டில் நாற்பத்தொரு பெயர். ஆண்டுச் சந்தா 600 ரூபா. முழுதாகக் கட்டியவர்கள் பதினேழு பேர். மாதம் ஐம்பது ரூபா ஒரு பிளேன்டீக்கும் வடைக்கும் காணாத காசு என்பது எல்லோருக்கும் தெரியும். கஷ்டத்தில் இருப்பவர்களை நான் சொல்லவில்லை, அவர்களிடம் கேட்கவும் மாட்டோம். மூன்று வருடமாகக் கட்டாமல், கூட்டத்துக்கும் வராமல், பொதுக்கூட்டத்தில் மட்டும் கேள்வி கேட்பவர்களைத்தான் சொல்கிறேன். வட்டத்தின் நூலகத்திலிருந்து போன பதினொரு புத்தகங்களும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கின்றன என்பது இரவல் கொப்பியில் இருக்கிறது.

மண்டபம் தந்து உதவும் கட்டட உரிமையாளருக்கும், வாசித்து விளக்கிய ஆங்கில ஆசிரியைக்கும், தேநீர் ஒழுங்கு செய்த மகளிருக்கும், போஷகருக்கும், கணக்காய்வாளருக்கும் நன்றி.

வருகிற ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அறுபதில் ஏழைத்தான் வாசித்திருக்கிறோம். அட்கின்சன் சகோதரர்களின் வழக்கு என்னவாக இருக்கும் என்று எமது உறுப்பினர்கள் ஐவர் தமிழில் கதை எழுதித் தந்திருக்கிறார்கள். அதில் ஒன்று தபாலதிபர் ஐயாவுடையது, முழுக்கத் தந்திகளாலேயே எழுதப்பட்டது. இவற்றை ஒரு சிறு நூலாக்க விருப்பம். அச்சகத்தில் விலை கேட்டாயிற்று. இருபத்துநான்கு பேர் நிலுவையைக் கட்டினால் முற்பணத்துக்குக் காணும். அது நடக்காவிட்டால் செயலாளர் பொறுப்பை இன்னொருவர் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம், எனக்கு மறுப்பில்லை.

ஐயாவுக்கு இந்த மாசியில் எண்பத்திரண்டு வயது. அவர் கதையை அச்சில் பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு பொருளாளர் கூட்டம் முடியும்வரை வாசலடி மேசையில் இருப்பார்.

செயலாளர்