உரித்துப் பார்க்காமல் கூலி பேசலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வால்பேப்பர் ஒட்டினால் அறை எவ்வளவு அழகாகும், என்ன வண்ணம் பொருந்தும், எந்தச் சுவருக்கு எந்த வடிவம் எடுக்கும் என்றெல்லாம் எழுதுவோர் ஏராளம். ஒட்டிய தாள் பழையதாகி, ஓரங்கள் சுருண்டு, ஆள் வைத்து அதை அகற்ற வேண்டிய நாள் வரும்போது என்ன செலவாகும், அந்தச் செலவு எதனால் ஏறுகிறது என்பதை எவரும் விளக்கி நான் படித்ததில்லை. என் வீட்டின் இரண்டு அறைகளில் இருந்த பழைய தாளை அண்மையில் அகற்றியபோது பணமும் நிம்மதியும் ஒருசேரப் போயின. அதே நிலை மற்றவர்களுக்கு வரக்கூடாது என்ற எண்ணத்தில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வேலைக்கு வந்தவர் அறை வாசலில் நின்றபடி சுவரைப் பார்த்தார், நீள அகலம் அளந்தார், சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு ஒரே தொகையாகச் சொன்னார். நானும் ஒப்புக்கொண்டு முன்பணம் கொடுத்தேன். முதல் அறை அவர் சொன்னபடியே முடிந்தது. இரண்டாவது அறையில் மேலே இருந்த வினைல் தாளை, அதாவது பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளை, இழுத்ததும் அதன் அடியில் இன்னொரு தாளும், அந்தத் தாளின் மேல் யாரோ எப்போதோ அடித்திருந்த எண்ணெய் வண்ணமும் வெளிப்பட்டன. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. விரல் அகலம் விரல் அகலமாகச் சுரண்ட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மாலை, பேசிய தொகையில் பாதியளவு கூடுதலாக வேண்டும் என்று அவர் கேட்டபோது நான் ஏமாற்றப்படுவதாகவே எண்ணினேன். வார்த்தை தடித்தது. அவர் கருவிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாதி உரிந்த சுவரோடு அந்த அறை பத்து நாள் கிடந்தது. நனைந்திருந்த பசை மறுபடியும் இறுகியதால் வேலை முன்பைவிடக் கடினமானதுதான் மிச்சம்.

பிறகு வந்து பார்த்த அனுபவமிக்க பெயிண்டர் ஒருவர், அந்த மனிதர் கேட்டது நியாயமான கூலிதான் என்று எனக்கு விளக்கினார். சுவரில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக்கூட உரித்துப் பார்க்காமல் அவர் விலை சொன்னதும், அதை நான் ஏற்றுக்கொண்டதும்தான் தவறு என்றார். நான் முதலில் வந்தவரையே மீண்டும் அழைத்து, வருத்தம் தெரிவித்து, கேட்ட தொகையைக் கொடுத்து வேலையை முடித்தேன். இந்தப் பத்து நாளில் நான் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றைத் தங்கள் வாசகர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

தாளை உரிக்கும் கூலி என்று நாம் சொல்வது உண்மையில் பசையையும் சுவரையும் சார்ந்த கூலியாகும். மாவுப் பசையாலோ செல்லுலோஸ் பசையாலோ ஒட்டிய சாதாரணக் காகிதமாக இருந்தால், வெந்நீரால் நனைத்து கால் மணி நேரம், இருபது நிமிடம் ஊறவிட்டு அகலமான பட்டித் தகட்டால் தள்ளினாலே பெரும்பாலும் வந்துவிடும். வினைல் பூசிய தாள் அப்படியல்ல. அதன் மேற்பரப்பு தண்ணீரைத் தடுத்துவிடுவதால், முதலில் மேலடுக்கைத் தனியே உரிக்க வேண்டும், அல்லது முள் உருளையால் நெடுகத் துளையிட்டு அதன் வழியே நீரையோ பசை கரைக்கும் திரவத்தையோ உள்ளே செலுத்த வேண்டும். துளையிடும்போது கை சற்று அழுந்திவிட்டால் சுவரிலும் துளை விழும். பிறகு அதற்குப் பட்டி பார்க்கும் செலவு தனி. தானே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளுக்குத் தண்ணீரே பயன்படாது. சூடான காற்றைச் செலுத்திப் பசையை இளக்கி, மெதுவாக இழுக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது தாளுக்குப் பின்னால் இருக்கும் சுவர். சிமெண்ட் பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் ஓரளவு நீரையும் நீராவியையும் தாங்கும். ஜிப்சம் பலகைச் சுவரின் முகப்போ காகிதத்தால் ஆனது. பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடிக்காமல் அந்தப் பலகையின் மேல் நேரடியாகத் தாளை ஒட்டியிருந்தால், பசை இரண்டு காகிதங்களையும் ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. தாளை இழுக்கும்போது பலகையின் தோலும் சேர்ந்து கிழிகிறது. நீராவிக் கருவியை அதிக நேரம் பிடித்தால் பலகையே இளகும், மூட்டுகளில் வைத்த பூச்சும் நெகிழும். ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு அறைகளில் ஒன்று அரை நாளில் முடிவதும் மற்றொன்று நான்கு நாள் இழுப்பதும் முழுக்க இயல்பானவை. தாளை அகற்றும் செலவில் பெரும்பகுதி அதை ஒட்டிய அன்றே தீர்மானமாகிவிடுகிறது என்று அந்தப் பெயிண்டர் சொன்னதை இப்போது முழுமையாக உணர்கிறேன். அன்று ஒரு கை பிரைமர் அடிக்கும் செலவை மிச்சம் பிடித்தவர், அதைப்போலப் பல மடங்கு செலவைப் பின்னால் வருபவர் தலையில் வைத்துவிட்டுப் போகிறார்.

பரப்பளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள சாதாரண அறையை எடுத்துக்கொண்டால், நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. ஒரு கதவையும் ஒரு சன்னலையும் கழித்தால் ஏறத்தாழ 400. அறையின் தரைப்பரப்போ 120 சதுர அடிதான். தரைப்பரப்பை மனத்தில் வைத்துக்கொண்டு கூலியைக் கேட்பவருக்கு அந்தத் தொகை அநியாயமாகத் தோன்றுவது இதனால்தான். இரண்டு அடுக்குத் தாள் இருந்தால் உரிக்க வேண்டியது 800 சதுர அடி. அதிலும் ஸ்விட்ச் போர்டைச் சுற்றி, மூலைகளில், கதவு நிலையின் ஓரத்தில் உள்ள சில அடிகள் வெற்றுச் சுவரின் பல அடிகளுக்குச் சமமான நேரத்தை விழுங்கும்.

மிகக் குறைந்த தொகை சொல்பவரிடம் எதையெல்லாம் சேர்த்துச் சொன்னீர்கள் என்று கேட்காமல் விடுவது பெரும் பிழை. பொருள்களை நகர்த்துவது, தரையை மூடுவது, ஈரக் குப்பையை வெளியேற்றுவது ஆகியவற்றை யார் செய்வது என்று பேசிக்கொள்வது எளிது. பெரும்பாலும் விடுபட்டுப் போவது பசையைக் கழுவும் வேலைதான். தாள் போன பிறகு சுவர் சுத்தமாகிவிட்டதாகக் கண்ணுக்குத் தோன்றும். ஆனால் ஈரக் கையால் தடவினால் வழுவழுப்பு தெரியும். அந்தப் பசையை வெந்நீரும் பஞ்சுமாக இரண்டு மூன்று முறை, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, நன்றாக உலரவிடாமல் மேலே வண்ணம் அடித்தால், சில மாதங்களில் வண்ணம் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். அப்போது பழி பெயிண்டின் மீது விழும். கழுவுதலை விட்டுவிட்டுச் சொன்ன மலிவான கூலி உண்மையில் மலிவே அல்ல.

இன்னொன்றையும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த வேலை செய்பவர்கள் நாள் முழுவதும் ஏணியில் நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கி, ஈரமும் பசையும் வழியும் தரையில் இறங்கி ஏறுகிறார்கள். நீராவி கையைச் சுடும். வினைல் தாளின் பின்புறம் ஈரம் தேங்கிய சுவர்களில் கரும்பூஞ்சை படர்ந்திருக்கும்; அதைச் சுரண்டும்போது எழும் தூசி மூச்சுக்குள் போகும். பழைய வீடுகளில் தாளுக்கு அடியில் ஈயம் கலந்த வண்ணம் இருக்கவும் கூடும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் பறக்கும் தூசி, வேலை செய்பவருக்கும் வீட்டிலுள்ள சிறு குழந்தைகளுக்கும் கேடு விளைவிக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. சுவரை நனைக்கும் முன் அந்த அறைக்கான மின்சாரத்தை நிறுத்துவதும், முகக்கவசம் தருவதும், சந்தேகமுள்ள வண்ணத்தைச் சோதிப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பும்தான். இவற்றுக்கான நேரத்தையும் பொருளையும் கூலியிலிருந்து பேரம் பேசி வெட்டக் கூடாது. பேரத்தில் தோற்றவர் அவசரப்படுவார். அவசரத்தில் தகடு சுவரைக் கீறும்.

ஆகவே தாளை அகற்ற நினைப்பவர்கள், விலை பேசுவதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் இரண்டு மூன்று இடங்களில், அலமாரிக்குப் பின்னாலோ கதவு ஓரத்திலோ கண்ணில் படாத ஓர் உள்ளங்கை அகலத்தை நனைத்து உரித்துக் காட்டும்படி கேட்க வேண்டும். எத்தனை அடுக்கு, என்ன பசை, பின்னால் என்ன சுவர், பிரைமர் இருக்கிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்த அரை மணி நேரத்துக்குத் தனியே கூலி கேட்டாலும் கொடுப்பதே நல்லது. அதன் பிறகு உரித்தல், கழுவுதல், பட்டி பார்த்தல், பிரைமர் அடித்தல் என்று பிரித்து எழுதிய மதிப்பீட்டைப் பெற்று, எதிர்பாராத அடுக்கு வெளிப்பட்டால் சதுர அடிக்குக் கூடுதலாக எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம். நிலைமை தெரியாத சுவருக்கு நாள்கூலி பேசுவதும் தவறில்லை.

தாளை விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பல உற்பத்தியாளர்கள் சுருளின் சிட்டையிலேயே, உலர்ந்த நிலையில் முழுதாக உரியுமா, மேலடுக்கு மட்டும் உரியுமா, நனைத்துத்தான் அகற்ற வேண்டுமா என்பதைச் சிறு குறியீடுகளாக அச்சிடுகிறார்கள். அந்தக் குறியீட்டின் பொருளை வாங்குபவருக்குச் சொல்லிவிட்டு விற்பது பெரிய சிரமமாகாது. தங்கள் நாளிதழின் வீடு பராமரிப்புப் பக்கத்தில் இக்குறியீடுகளைப் படத்துடன் ஒருமுறை வெளியிட்டால் பலருக்கும் பயன்படும்.

என் வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் மறுபடியும் தாள் ஒட்டினோம். இம்முறை பிரைமர் அடித்து, நன்கு உலர்ந்த பிறகே ஒட்டச் செய்தேன். எந்த பிரைமர், எந்தப் பசை, எந்த வகைத் தாள், எந்தத் தேதி என்பதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, சுருளின் சிட்டையோடு சேர்த்து, அந்த அறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்