மூன்றாவது பெட்டி

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டது. மாமரம் இந்த முறை நன்றாகப் பூத்திருக்கிறது.

மூன்று பெட்டியோடு பாரிசிலிருந்து துலூஸுக்குக் கோச்சியில் போவதா பிளேனில் போவதா, நகையைப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அவ்வளவுதான் எழுதியிருந்தாய். பார்சல் கந்தோரில் முப்பத்தொரு வருஷம் தராசுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியும். அதையே முதலில் எழுதுகிறேன்.

கோச்சியில் போ. தே.ஜே.வே என்கிற அந்த வேக ரயிலில் பெட்டியை நிறுப்பதில்லை, அளவுதான் பார்ப்பார்கள். 70, 90, 50 சென்ரிமீற்றருக்குள் இரண்டு பெட்டி, அதோடு 40, 30, 15க்குள் ஒரு கைப்பை. மூன்றாவது பெரிய பெட்டிக்கு 50 யூரோ தண்டம் எழுதலாம். எல்லாவற்றிலும் பெயர்த்துண்டு கட்டாயம் இருக்கவேண்டும். வெளியே ஒன்று கட்டு, உள்ளே ஒன்று போடு. வெளித்துண்டு அறுந்தால் உள்ளே இருப்பதுதான் பெட்டியை உன்னிடம் கொண்டுவரும்.

பிளேனில் மலிவு ரிக்கற்றுக்குப் பெட்டி சேராது. ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு, அதுவும் கவுண்டரில் கட்டினால் இன்னும் கூட. பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. 32க்கு மேல் போனால் காசு கொடுத்தாலும் எடுக்கமாட்டார்கள், அங்கேயும் மனிதர்தானே கையால் தூக்குகிறார்கள். ஓர்லி விமானநிலையத்துக்கு 14ஆம் மெற்றோ 2024இல் இருந்து நேரே போகிறது, அந்த லைனில் எல்லா ஸ்டேசனிலும் லிப்ட் உண்டு. ஆனால் நீ இருக்கிற லா கூர்நெவிலிருந்து ஏறுவது 7ஆம் லைன். அதில் பெரும்பாலும் படிதான். கோச்சி ஏறுகிற மொன்பார்னாஸ் ஸ்டேசனுக்கும் மெற்றோவில் வெளிக்கிடாதே, டாக்சி பிடி. அந்தக் காசை அப்பா அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

மூன்றாவது பெட்டிதான் பிரச்சினை. ஒரே தடவையில் உன் இரண்டு கையாலும் கொண்டுபோக முடியாததைக் கொண்டுபோகக் கூடாது. இரண்டு பெட்டியை மேலே வைத்துவிட்டு மற்றதற்கு இறங்கினால், மேலே இருப்பது ஆளில்லாத பொதி. அந்த ஊரில் ஆளில்லாத பொதியைக் கண்டால் பொலிசைக் கூப்பிட்டு ஸ்டேசனையே மூடுவார்கள். அதனால் மூன்றாவதை முன்கூட்டியே தபாலில் அனுப்பு. அங்கத்தைத் தபால் பார்சலான கொலிசிமோவில் ஒரு பார்சல் 30 கிலோ வரை போகும், ஆனால் 15க்கு மேல் கட்டாதே. புத்தகத்தைச் சின்னப் பெட்டியிலும் உடுப்பைப் பெரிய பெட்டியிலும் வை. அடிப்பொருத்தில் நீளத்துக்கு ஒரு தரமும் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தரமும் ரேப் ஒட்டு. பார்சல் பிரிவது எப்போதும் அடியில்தான்.

அதற்கு அங்கே ஒரு விலாசம் வேண்டும். யாருடைய விலாசம் என்று நீ எழுதவில்லை.

குளிர்க்கோட்டும் சோற்றுப்பானையும் குத்துவிளக்கும் கொண்டுபோவதாக அம்மாவிடம் சொன்னாயாம். ஒரு கிழமைக்குப் போகிறவர்கள் குத்துவிளக்குக் கொண்டுபோவதில்லை, பிள்ளை.

விளக்கை முழுசாக வைக்காதே. அடி, தண்டு, தட்டு, முடி எல்லாம் மரையில் பூட்டியது. இடப்பக்கம் திருகினால் கழலும். எண்ணெய்க்கசடு இறுகிப் பிடித்திருந்தால் தட்டாதே, பித்தளை நெளிந்துவிடும். பொருத்தைச் சுடுதண்ணீரில் பத்து நிமிஷம் வைத்து, ரப்பர் கையுறை போட்டுத் திருகு. தட்டைப் பழப்புளி போட்டுத் தேய்த்து நன்றாகக் காயவிடு, இல்லாவிட்டால் எண்ணெய் உடுப்பெல்லாம் ஊறும். ஒவ்வொரு மரையிலும் பழைய சீலைத்துண்டு சுற்று. மரை ஒரு தரம் நசுங்கினால் பிறகு நேரே பூட்டாது. அடிப்பாகத்தைப் பெட்டியின் சில்லுப் பக்கமாக வை. பாரம் மேலே இருந்தால் பெட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் கவிழும்.

குளியலறைத் தராசில் முதலில் நீ ஏறு, பிறகு பெட்டியோடு ஏறு, கழித்துப் பார். கோச்சியில் நிறுக்காவிட்டாலும் ஒன்று 18 கிலோவைத் தாண்டவேண்டாம். சில்லில் தலைமயிரும் நூலும் சுற்றியிருக்கும், கத்தரிக்கோலால் வெட்டி எடு. சில்லு முறிவதற்கு அதுவும் ஒரு காரணம். இழுக்கிற நீளக் கைபிடியால் தூக்காதே, குழாய் வளைந்தால் பிறகு உள்ளே இறங்காது. பக்கத்துக் கைபிடியைப் பிடித்துத் தூக்கு.

இரட்டைத்தட்டு வண்டியானால் கீழ்த்தட்டில் சீற் எடு. பிளாட்போம் இலக்கம் இருபது நிமிஷத்துக்கு முன்னர்தான் போர்ட்டில் விழும். இரண்டு தொகுதி கொளுவிய வண்டி 400 மீற்றர் நீளம், உள்ளே நடந்து மற்றத் தொகுதிக்குப் போகமுடியாது. அதனால் உன் சீற் இருக்கிற வண்டிப்பெட்டியின் இலக்கத்துக்கு நேரே வெளியே நடந்துபோய் ஏறு. கதவு புறப்படுவதற்கு இரண்டு நிமிஷத்துக்கு முன்னரே மூடும். நாலு சில்லுப் பெட்டியை நடைபாதையில் நிறுத்தாதே, வண்டி திரும்பும்போது ஓடும். றாக்கையில் படுக்கவை. ஏறும்போது மறுபக்கம் பிடிக்க ஆள் இருக்குமா? அவர் ஸ்டேசன் வரைக்கும் வருவாரா?

நகை பெட்டிக்குள் வேண்டாம். பாஸ்போட், கார்ட், வங்கிக் கடிதங்களோடு உடம்போடு இருக்கிற சின்னப் பையில் வை. தாலிக்கொடியும் அதற்குள்தானா என்று அம்மா கேட்கச் சொன்னா. நான் கேட்கவில்லை.

போன ஆடியில் நீ போனில், "அப்பா, வரட்டோ?" என்று கேட்டாய். எத்தனை நாள் லீவு, திரும்ப எப்போது என்று கேட்டேன். பிறகு 30 கிலோ கொண்டுவரலாம், போகும்போது மிளகாய்த்தூளும் கருவாடும் கட்டித் தாறேன் என்று சொன்னேன். நீ என்ன கேட்டாய் என்று எனக்கு அப்போதே விளங்கியது. சனம் என்ன சொல்லும் என்று நினைத்துத்தான் கிலோக் கணக்குப் பேசினேன். நீ "சரி அப்பா" என்று போனை வைத்தாய். அதற்குப் பிறகு நீ அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அது என்னுடைய பிழை, பிள்ளை. உன்னுடையது இல்லை.

தனியாக மொழி படித்து, தனியாக வேலை தேடினவள் நீ. துலூஸிலும் சமாளிப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் துலூஸ் சரிவராவிட்டால் கட்டுநாயக்காவுக்கு ரிக்கற் போடு. நான் வான் பிடித்துக்கொண்டு வந்து நிற்பேன். திரும்பிப்போகிற திகதி கேட்கமாட்டேன். உன் அறையில் கிடந்த நெல்மூட்டையை நேற்று வெளியே எடுத்து வைத்தாயிற்று.

ஏறினவுடன் ஒரு மிஸ்ட் கோல் அடி. இங்கே இரவானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு: கீழ்த்தட்டு சீற். பெயர்த்துண்டில் உன் போன் நம்பரை எழுது, பழைய வீட்டு விலாசத்தை எழுதாதே.