வண்டியில் ஏற்றுவதற்கு முன்

சத்துவாச்சாரி,
வேலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். ஆயா வீட்டுச் சாமான்களைப் பற்றி நீ போனில் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். "எல்லாத்தையும் ஒரு வண்டியில ஏத்தி ஏதாவது ஒரு இல்லத்துல இறக்கிடுங்கப்பா" என்றாய். எங்களுக்கு முடியவில்லையே என்ற கவலையில்தான் சொல்கிறாய், தெரியும். ஆனால் அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கேட்காமல் கொண்டுபோய் இறக்கினால், நாம் செய்யவேண்டிய வேலையை அவர்கள் தலையில் கட்டுகிறோம். 2004 சுனாமி சமயத்தில் நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி போய்ச் சேர்ந்தது. யாருக்கும் ஆகாமல் சாலையோரத்தில் குவிந்து கிடந்தது அதில் நிறைய. படகும் வலையும் போன மனிதர்களுக்குக் கிழிந்த துணி எதற்கு?

அதனால் முதலில் விசாரித்தேன். காட்பாடிப் பக்கம் உள்ள முதியோர் இல்லத்து அம்மா நேராகவே சொன்னார்: "பட்டுப்புடவை வேணாங்க சார். நைட்டி, துண்டு, பெட்ஷீட், வாளி இருந்தா கொடுங்க." அவர் கேட்டதை மட்டும் துவைத்து, காயவைத்து, அளவு பார்த்துத் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தோம். ஃபிரிட்ஜ் வேண்டாம் என்றுவிட்டார். பழைய ஃபிரிட்ஜ் கரண்ட் பில்லை ஏற்றிவிடும் என்றார், நியாயம்தானே. கம்பளியும் ஸ்வெட்டரும் வேலூர் வெயிலில் யாருக்கு வேண்டும்? ஆனால் அணைக்கட்டு ஊருக்கு மேலே, ஜவ்வாது மலையில் இருக்கும் பீஞ்சமந்தை பக்கம் மார்கழிக் குளிர் தாங்காது. அங்கே வேலைக்குப் போய்வரும் ஆசிரியர் ஒருவரிடம் அவற்றை ஒப்படைத்திருக்கிறேன்.

ஆயாவின் சக்கர நாற்காலி, வாக்கர், கமோடு சேர், ஏர் பெட், இந்த நான்கும்தான் எனக்கு முக்கியம். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டுக்கு இவை எவ்வளவு அவசரமாகத் தேவைப்படும், புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்று நமக்குத் தெரியும். ஏர் பெட்டை ஒரு ராத்திரி முழுக்க பம்ப் போட்டுவைத்து, காற்று இறங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் எடுத்து வைத்தேன். நாற்காலிக்குப் பிரேக் கட்டை மாற்றியாயிற்று. நான்கையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் இரவலாகக் கொடுக்கலாம் என்று அம்மா சொன்னாள். நல்ல யோசனை. ஒரு நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு கொடுத்தால், வேலை முடிந்ததும் திரும்பி வரும், அடுத்த வீட்டுக்குப் போகும்.

பாத்திரங்களுக்கும் இடம் கிடைத்துவிட்டது. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் அறை எடுத்து, தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஊரிலிருந்து குண்டானும் வாணலியும் தூக்கிக்கொண்டு ரயில் ஏற முடியுமா? தோட்டப்பாளையத்தில் தெரிந்த லாட்ஜ்காரரிடம் சின்னக் குக்கர், சட்டி, கரண்டி எல்லாம் கொடுத்திருக்கிறேன். வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் தருவதாகச் சொன்னார். குக்கருக்கு முதலில் புது கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் போட்டேன். வெடித்தால் யார் பொறுப்பு? நமக்குப் பயமாக இருக்கும் பொருளை இன்னொருவர் அடுப்பில் ஏற்றச் சொல்வது பாவம்.

கொடுக்கக்கூடாதவையும் உண்டு. மீதி மாத்திரை, இன்சுலின் எதையும் யாருக்கும் தரவில்லை. கேஸ் சிலிண்டரைப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். அது கம்பெனியின் சொத்து, ஏஜென்சியில் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் வரும். இன்வெர்ட்டர் பேட்டரியைக் கடையிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். கறை படிந்த மெத்தையைத் தானம் என்று யார் கையிலும் திணிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதைப் போகியில் போட்டு எரிக்கவும் மாட்டேன், அந்த ஃபோம் புகையைத் தெருப் பிள்ளைகள் சுவாசிக்க வேண்டாம்.

அப்புறம், உன் பொம்மைகளையும் கதைப் புத்தகங்களையும் குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுக்கும்போது போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாயே, அதை மட்டும் கேட்காதே. அந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டும்படி படம் வெளியிடுவதை 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வாங்கும் கையைப் படம் பிடிப்பது எனக்குப் பிடிக்காது. வருமான வரிக்கு ரசீதும் கேட்டிருந்தாய். நன்கொடைக்கான வரிச்சலுகை பணமாகக் கொடுப்பதற்குத்தான், பொருளுக்குக் கிடையாது.

உன் பிளஸ் டூ புத்தகங்களை யாருக்கும் கொடுக்க முடியாது. 2019-இல் பாடத்திட்டமே மாறிவிட்டது, பேப்பர் கடைக்குத்தான் போகும். நோட்டுகளில் எது வேண்டும் என்று சொல், எடுத்து வைக்கிறேன். உன் பழைய லேப்டாப்பின் பாஸ்வேர்டையும் அனுப்பு. படங்களை எடுத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை அழித்த பிறகுதான் இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுப்பேன். உன் பீரோவை அம்மா திறக்கவில்லை. பொங்கலுக்கு வரும்போது போகிக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடு, அதை நீயே பிரித்து வைத்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
அப்பா