எழுதிக் கொடுத்த மன்னிப்பு

மாப்ளே,

எல்லோரும் நலம்தானே? இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவதாக இருந்தால் அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள், இப்போது விஷயம் நம்ம வாத்தியார்.

அவர் வாய் உனக்குத் தெரியும். ஆபீஸ் மீட்டிங்கில் மேலதிகாரியின் திட்டத்தைப் பற்றி ஏதோ நக்கலாகச் சொல்லிவிட்டார். அது பெரிதாகி, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. கடிதத்தை எழுதித் தந்ததும் அவர்களேதான். வாசித்தார். அத்தோடு விட்டார்களா? 'முகத்தில் வருத்தமே தெரியவில்லை' என்று அடுத்த புகார்! அந்த முகத்தில் என்றைக்கு எது தெரிந்தது, அவர் கல்யாண போட்டோவைப் பார்த்தவர்கள் நாம்.

மிரட்டி மன்னிப்பு வாங்குகிறவர்களுக்கு வேண்டியது, தலை குனிவதை நாலு பேர் பார்ப்பது. அதுகூடப் பரவாயில்லை, அவமானப்பட்டவனுக்கு ஊரறிய ஒரு வார்த்தை பாக்கி இருக்கலாம். மனதார வேறு கேள் என்கிறார்களே, அங்கேதான் எனக்கு எரிகிறது. நடிக்கத் தெரிந்தவன் தப்பித்துவிடுவான், வாத்தியார் மாதிரி ஆள் மாட்டிக்கொள்வார்.

2020-ல் வக்கீல் பிரசாந்த் பூஷண் வழக்கு ஞாபகமிருக்கிறதா? இரண்டு ட்வீட்டுக்காக நீதிமன்ற அவமதிப்பு. நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க உச்ச நீதிமன்றம் அவகாசம் கொடுத்தும், மனதில் இல்லாததைக் கேட்டால் அது என் மனசாட்சிக்கே அவமதிப்பு என்று மறுத்துவிட்டார். ஒரு ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் 3 மாதச் சிறை, 3 வருடம் வக்கீலாக ஆஜராகத் தடை. ரூபாயைக் கட்டினார், மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் எழுதியது சரியா என்று நாம் சண்டை போடலாம், ஆனால் மன்னிப்புக்கு அவர் கொடுத்த மரியாதை, கேட்டு வாங்குகிறவர்கள் பலரிடம் இல்லை.

மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவராக (சான்சலர்) இருந்த வில்லி பிராண்டை எடுத்துக்கொள். 1970 டிசம்பர் 7 அன்று, போலந்தின் வார்சாவில், நாஜிகளை எதிர்த்து எழுந்த யூதர்களின் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தவர் யாரும் கேட்காமலே மண்டியிட்டார். வாயே திறக்கவில்லை. ஹிட்லர் காலத்தில் நாட்டை விட்டே போய் எதிர்த்த மனிதர், அவர் கணக்கில் பாவம் ஒன்றுமில்லை. அதற்கும் கருத்துக்கணிப்பு எடுத்தார்கள், மேற்கு ஜெர்மானியர்களில் 48 சதவீதம் பேர் இது அதிகப்படி என்றார்கள்! தானாகக் கேட்டாலும் அளந்து பார்க்க ஆள் இருக்கிறது பார்.

சரி, வாத்தியார் கதைக்கு வருகிறேன். திங்கட்கிழமை மறுபடி வாசிக்க வேண்டுமாம், இந்த முறை 'உணர்ந்து'. மாட்டேன் என்றால் வேலைக்கே ஆபத்து, கடன் வேறு இருக்கிறது. என்ன செய்யட்டும் என்று கேட்கிறார். கௌரவம் பார்க்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பார் என்று சொல்லத் தைரியமும் இல்லை. அதற்குள் நீ ஒருமுறை போன் செய்து பேசு. நான் பேசினால் அந்தக் கடிதத்தில் இன்னும் நாலு நக்கலைச் சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.